வாகனம் நிறுத்தும் தொழிலும் அதன் சங்கங்களும்

லூட்டன் நகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் சாச்சாவின் மகன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, தன் கையடக்கத் தொலைபேசியில் ஒரு கடிதத்தின் படத்தைக் காட்டினான். அங்கே ஒரு மொத்த வியாபார நிலையத்தின் முற்றத்தில் வேனை நிறுத்திவிட்டுச் சாமான் பார்க்கப் போயிருக்கிறான். அனுமதித்த நேரத்தைவிட ஒன்பது நிமிடம் கூடிவிட்டது. பத்து நாளில் வீட்டுக்குக் கடிதம் வந்தது. நூறு பவுண் கட்ட வேண்டும், பதினான்கு நாளுக்குள் கட்டினால் அறுபது போதும் என்று எழுதியிருந்தது. அனுப்பியது பொலிஸுமல்ல, நகர சபையுமல்ல. ஒரு தனியார் கம்பனி.

"நானா, நான் அங்க ஒருத்தருக்கும் விலாசம் குடுக்கல்ல. இவங்களுக்கு என்ட வீட்டு விலாசம் எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டான்.

அதற்கு விடையை ஒரே சொல்லில் சொல்வதானால், சங்கம். வாகனத் தரிப்பிடத் தொழிலுக்கு அங்கே சங்கம் இருக்கிறது. அந்தக் கம்பனி அதில் அங்கத்துவம் பெற்றிருக்கிறது. அங்கத்துவம் இருந்தபடியால்தான் விலாசம் கிடைத்தது. நம் பக்கத்தில் வியாபாரச் சங்கம் என்றால் வருடத்துக்கு ஒரு பொதுக் கூட்டம், ஒரு கணக்கறிக்கை, ஒரு பகற்சாப்பாடு என்று முடிந்துவிடுவதுண்டு. ஒரு தொழிற்சங்கம் தன் அங்கத்தவருக்கு இவ்வளவு பெரிய சாவியைக் கொடுக்க முடியுமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆகவே இந்தத் தொழிலின் சங்கங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததில் வியாபாரிகளுக்குப் பயன்படக்கூடியதை இங்கே எழுதுகிறேன்.

மீட்டர் கேட்டவர்கள் வியாபாரிகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீதியோரத்தில் வாகனம் நிறுத்துவதற்குக் காசு வாங்கும் வழக்கம், வியாபாரிகளுக்கு எதிராக வந்ததல்ல. வியாபாரிகளுக்காக வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் 1935 ஜூலை 16ஆம் திகதி முதலாவது தரிப்பிட மீட்டர் நாட்டப்பட்டது. மணிக்கு ஐந்து சதம். அந்த யோசனையைக் கொண்டுவந்த காரல் மகீ ஒரு பத்திரிகையாசிரியர். அந்நகர வர்த்தக சங்கத்தின் போக்குவரத்துக் குழுவில் இருந்தவர். நகரின் மத்தியில் வேலை செய்பவர்கள் காலையில் கொண்டுவந்து நிறுத்திய வாகனத்தை மாலையில்தான் எடுத்தார்கள். கடைக்கு வரும் வாடிக்கையாளனுக்கு நிறுத்த இடமில்லை. இடத்துக்கு ஒரு விலை வைத்தால் நாள் முழுவதும் நிற்பவன் விலகுவான், சாமான் வாங்குபவன் வருவான் என்பதுதான் கணக்கு.

கணக்கு சரியாக இருந்தது. மீட்டர் மற்ற நகரங்களுக்கும் பரவியது. பிறகு மாடித் தரிப்பிடங்கள், ஆஸ்பத்திரி முற்றங்கள், விமான நிலையங்கள், பல்கலைக்கழக வளாகங்கள் என்று இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. தொழில் வளர்ந்தால் சங்கம் வரும். அமெரிக்காவில் தனியார் தரிப்பிட உரிமையாளர்கள் 1951இல் தேசிய தரிப்பிடச் சங்கத்தை அமைத்தார்கள். நகர சபைகளிலும் பொது நிறுவனங்களிலும் இந்த வேலையைப் பார்த்த உத்தியோகத்தர்கள் 1962இல் வேறாக ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் பெயர் மாறி மாறி, இப்போது சர்வதேச தரிப்பிட மற்றும் போக்குவரத்து நிலையமாக இருக்கிறது. பிரித்தானிய தரிப்பிடச் சங்கம் 1968இல் வந்தது.

இரண்டு சங்கங்களின் பிறப்பிலேயே ஒரு வேறுபாடு இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று முதல் போட்டவர்களின் சங்கம். மற்றது சம்பளத்துக்கு வேலை செய்பவர்களின் சங்கம். முதலாவதுக்கு இலாபமும் வரியும் கவலை. இரண்டாவதுக்குப் பயிற்சியும் பதவியும் கவலை. ஒரே மேசையில் இருந்தாலும் இவர்கள் பேசும் பேச்சு வேறு.

வெண்கட்டிக் கோடு

நாடு முழுவதற்கும் சங்கம் இருக்கும்போது, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம், பிராந்தியத்துக்குப் பிராந்தியம் தனிச் சங்கங்கள் எதற்கு என்று கேட்கலாம். டெக்சாசுக்கு ஒன்று, புளோரிடாவுக்கு ஒன்று, பென்சில்வேனியாவுக்கு ஒன்று, கலிபோர்னியாவுக்கு ஒன்று. வடகிழக்கின் சிறிய மாநிலங்கள் நியூ இங்கிலாந்து தரிப்பிடப் பேரவை என்று ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. மேற்கில் பசிபிக் கரையையும் மலைப் பிரதேச மாநிலங்களையும் சேர்த்து இன்னொன்று.

இதற்கு விடை ஒரு துண்டு வெண்கட்டியில் இருக்கிறது. இரண்டு மணித்தியாலம் மட்டும் நிறுத்தலாம் என்ற இடத்தில், ஒரு வாகனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அறிய, அங்கே பல காலமாக ஓர் எளிய வழி இருந்தது. பரிசோதகர் நடந்து வருவார். டயரில் வெண்கட்டியால் ஒரு கோடு போடுவார். இரண்டு மணித்தியாலம் கழித்து வருவார். கோடு அதே இடத்தில் இருந்தால் தண்டச்சீட்டு. மிசிகன் மாநிலத்தின் சகினோ என்ற சிறு நகரில் ஒரு பெண்ணுக்கு மூன்று வருடத்தில் இப்படிப் பதினைந்து சீட்டுகள் கிடைத்தன. அவர் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கவில்லை. வழக்குப் போட்டார். என் வாகனத்தைத் தொட்டு அடையாளம் இடுவது ஒரு சோதனை, பிடியாணை இல்லாமல் சோதனை செய்வதை அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் தடுக்கிறது என்பது அவரது வாதம்.

கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் 2019 ஏப்ரலில் ஆறாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் வெண்கட்டிக் கோடு ஒரு சோதனைதான் என்று சொல்லிவிட்டது. வழக்கு மறுபடியும் அதே மன்றத்துக்குப் போக, 2021இலும் நகர சபை தோற்றது. அந்த வட்டாரத்துக்குள் மிசிகன், ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி ஆகிய நான்கு மாநிலங்கள் வருகின்றன. அடுத்த வருடம், 2022 ஒக்டோபரில், இதே கேள்வி சான் டியாகோ நகரிலிருந்து ஒன்பதாவது வட்டார நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நீதிபதிகள், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், கோடு போடலாம் என்றார்கள். அந்த வட்டாரத்தில் கலிபோர்னியா முதலிய மேற்கு மாநிலங்கள் அடங்கும்.

ஆக, ஒரே நாடு, ஒரே அரசியலமைப்பு, ஒரே வெண்கட்டி. ஆனால் டெட்ரொயிட்டில் செய்யக்கூடாதது சான் டியாகோவில் செய்யலாம். தேசிய சங்கம் எல்லோருக்கும் ஒரே அறிவுரை எழுதி அனுப்பினால் பாதிப் பேருக்கு அது பிழையாகிவிடும். ஒஹாயோவில் ஒரு சிறு நகரத்தின் தரிப்பிட அதிகாரிக்கு வேண்டியது பக்கத்து நகரத்துக்காரனின் அனுபவம். "நீ வெண்கட்டியை விட்டுவிட்டாயா? பதிலுக்கு என்ன செய்கிறாய்? சில்லின் காற்று வால்வு எந்தப் பக்கம் நிற்கிறது என்று படம் எடுக்கிறாயா? அந்தக் கமரா எவ்வளவு?" இதைக் கேட்பதற்கு ஒரு மேசை வேண்டும். பிராந்தியச் சங்கம் அந்த மேசைதான். சட்டம் மட்டுமல்ல. வடக்கே பனி வாரும் நாட்களில் வீதியோரம் எப்படி ஒதுக்குவது என்பது புளோரிடாக்காரனுக்குத் தேவையில்லாத பாடம்.

வருடாந்த மாநாடு, பயிற்சி வகுப்பு, சான்றிதழ், மாநிலச் சட்டசபையில் வரும் மசோதாக்களைக் கவனித்துச் சொல்வது, இவைதான் இச்சங்கங்களின் வழக்கமான வேலைகள். மாநாட்டு மண்டபத்தில் மீட்டர் விற்பவர்கள், கமரா விற்பவர்கள், தொலைபேசிச் செயலி விற்பவர்கள் கூடாரம் போட்டிருப்பார்கள். கூடாரத்துக்கு அவர்கள் கட்டும் பணம் மாநாட்டுச் செலவில் பெரும் பங்கைத் தாங்கும். இது எல்லாத் தொழிலிலும் உள்ள வழக்கம்தான். என்றாலும் விருந்து கொடுப்பவனின் சாமான் சரியில்லை என்று அந்த விருந்திலேயே எழுந்து சொல்பவர் குறைவு.

அயல் நகரம் என்ன விலைக்கு வாங்கியது, என்ன விலைக்குக் குத்தகை கொடுத்தது என்று அறிவதுதான் இச்சங்கங்களால் கிடைக்கும் பெரிய இலாபம் என்பது என் எண்ணம். அதைக் கேட்க நேரமில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு சிக்காகோ நல்ல உதாரணம். 2008 டிசம்பரில் அந்நகரம் தன் வீதியோர மீட்டர்கள் சுமார் 36,000ஐயும் எழுபத்தைந்து வருடத்துக்குத் தனியார் முதலீட்டாளர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. விலை சுமார் 1.15 பில்லியன் டொலர். அறிவித்துச் சில நாட்களுக்குள் நகர சபை வாக்களித்து முடித்துவிட்டது. அடுத்த வருடம் ஜூன் மாதம் நகரின் பொதுப் பரிசோதகர் கணக்குப் பார்த்து, நகரமே வைத்திருந்தால் அந்த மீட்டர்களின் பெறுமதி இன்னும் 974 மில்லியன் டொலராவது கூடுதலாக இருந்திருக்கும் என்று அறிக்கை கொடுத்தார். எழுபத்தைந்து வருடக் குத்தகையை மூன்று நாள் பேரத்தில் முடிப்பவன் எந்தத் தொழிலுக்கும் ஆகமாட்டான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நகர சபையின் கட்டணம் பகிரங்கமானது, அதைச் சங்கத்தில் பேசலாம். தனியார் உரிமையாளர்கள் ஒன்றுகூடி "இனி எல்லோரும் இந்த விலை" என்று முடிவு செய்தால் அது அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டப்படி குற்றம்.

சங்கத்தின் கையில் சாவி

இனி சாச்சாவின் மகனின் கேள்விக்கு வருவோம். அமெரிக்கச் சங்கங்கள் அங்கத்தவருக்கு அறிவைக் கொடுக்கின்றன. பிரித்தானியாவில் சங்கம் கொடுப்பது அதிகாரம். அது எப்படி வந்தது?

முன்பு அங்கே தனியார் காணியில் பிழையாக நிறுத்திய வாகனத்துக்குச் சில்லுப் பூட்டுப் போடுவார்கள். பூட்டைத் திறக்கக் கேட்ட காசைக் கொடுக்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் 1992இலேயே நீதிமன்றம் இதைக் கப்பம் வாங்குவதற்குச் சமம் என்று தடுத்துவிட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012 ஒக்டோபர் 1ஆம் திகதிதான் தடை வந்தது. தடை போட்ட அதே சட்டம் காணிக்காரருக்கு வேறொரு வழியைத் திறந்துவிட்டது. வாகனத்தை ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால், சில நிபந்தனைகளின்படி, பதிவு செய்த சொந்தக்காரரிடம் கட்டணத்தைக் கேட்கலாம். கமராவை மட்டும் நம்பி அனுப்பும் அறிவித்தல் பதினான்கு நாளுக்குள் அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. இந்த ஏற்பாடு ஸ்கொட்லாந்துக்கு இல்லை.

சொந்தக்காரரின் விலாசம் இருப்பது அரசாங்க வாகனப் பதிவு நிறுவனத்திடம். அது விண்ணப்பித்த எல்லோருக்கும் விலாசம் கொடுப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற வர்த்தகச் சங்கம் ஒன்றில் அங்கத்தவராக உள்ள தரிப்பிடக் கம்பனிக்குத்தான் கொடுக்கும். ஒரு விலாசத்துக்கு இரண்டரைப் பவுண். அங்கத்துவம் இல்லையென்றால் விலாசம் இல்லை. விலாசம் இல்லையென்றால் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் அந்தத் தொழிலே இல்லை. சந்தா வாங்கும் சங்கம் இப்படித்தான் அனுமதிப்பத்திரம் கொடுக்கும் திணைக்களம் போல ஆகிவிட்டது. 2012-13இல் சுமார் 1.9 மில்லியன் விலாசங்கள் இவ்வாறு கொடுக்கப்பட்டன. 2023-24இல் சுமார் 12.8 மில்லியன்.

நகர சபை அனுப்பும் தண்ட அறிவித்தலுக்கும் தனியார் கம்பனி அனுப்பும் கட்டண அறிவித்தலுக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றுதான், பி.சி.என். ஒன்று சட்டப்படியான தண்டம். மற்றது ஒப்பந்தத்தின் கீழ் கேட்கும் பணம். சாதாரண மனிதன் இரண்டையும் ஒன்றென நினைத்துப் பயந்து கட்டிவிடுகிறான். இது தற்செயல் என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முற்றத்துக்கு வாடகை

இந்தத் தொழிலின் கணக்கை நன்றாக விளக்கும் வழக்கு ஒன்று உண்டு. செம்ஸ்போர்ட் நகரில் ஒரு கடைத் தொகுதி. முற்றத்தில் இரண்டு மணித்தியாலம் இலவசம். கூடினால் 85 பவுண். 2013 ஏப்ரலில் பீவிஸ் என்பவர் ஐம்பத்தாறு நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டார். அவரும் நம்மைப் போல ஒரு வியாபாரி. மீன் பொரியல் கடை வைத்திருந்தவர். இந்த 85 பவுண் நட்டத்துக்கான ஈடல்ல, வெறும் தண்டனை, ஒப்பந்தத்தில் தண்டனை செல்லாது என்று அவர் கடைசி நீதிமன்றம் வரை போனார்.

வழக்கில் வெளிவந்த ஒரு விபரத்தைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். அந்த முற்றத்தைக் காவல் பார்ப்பதற்குக் காணிச் சொந்தக்காரர் கம்பனிக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கம்பனிதான் காணிச் சொந்தக்காரருக்கு வாரம் ஆயிரம் பவுண் கொடுத்தது. முற்றம் இலவசம், வேறு வருமானம் இல்லை. அப்படியானால் அந்த ஆயிரம் பவுணும், கமராவின் செலவும், கம்பனியின் இலாபமும் நேரம் தவறியவர்களின் பணத்திலிருந்துதான் வரவேண்டும். எல்லோரும் ஒழுங்காக நேரத்துக்குப் போய்விட்டால் கம்பனிக்கு நட்டம்.

இருந்தும் 2015 நவம்பர் 4ஆம் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறு பக்கமுமாக, பீவிஸுக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது. முற்றத்தில் இடம் சுழன்று கொண்டிருக்க வேண்டும் என்பதில் கடைகளுக்கும் காணிக்காரருக்கும் நியாயமான நலன் இருக்கிறது, அந்த நலனோடு ஒப்பிட்டால் 85 பவுண் மிகையல்ல என்பது தீர்ப்பின் சாரம். ஒக்லஹோமா வியாபாரிகள் 1935இல் சொன்ன அதே நியாயம்தான் எண்பது வருடம் கழித்து அங்கே திரும்பியிருக்கிறது. அறிவித்தல் பலகைகள் பெரிதாகவும் போதியளவும் இருந்ததை மன்றம் பார்த்தது. சங்கத்தின் ஒழுக்கக்கோவையையும் பார்த்தது. கோவை ஒப்பந்தமல்ல என்றாலும், அதை மீறினால் விலாசம் கிடைக்காது என்பதால் நடைமுறையில் கம்பனியைக் கட்டுப்படுத்துகிறது என்று ஏற்றுக்கொண்டது. ஒரு சங்கத்தின் விதிப் புத்தகத்துக்கு நாட்டின் மேலான நீதிமன்றத்தில் இவ்வளவு மதிப்புக் கிடைப்பது சாதாரணமல்ல.

ஆனால் விதி எழுதுபவரும் சந்தா வாங்குபவரும் ஒருவரே என்றால் விதி எவ்வளவு கடுமையாக இருக்கும்? இதில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. 2012இல் இரண்டாவதாக ஒரு சங்கம் உருவாகி, அதுவும் அங்கீகாரம் பெற்றது. இப்போது கம்பனிக்குத் தெரிவு உண்டு. ஒரு சங்கத்தின் விதி கடினமென்றால் மற்றதுக்குப் போகலாம். இரண்டுக்கும் தனித்தனி மேன்முறையீட்டு ஏற்பாடு. போட்டி இருந்தால் சாமான் மலியும், தரம் கூடும் என்று நாம் சொல்வதுண்டு. காவல்காரர்களுக்கிடையில் போட்டி வந்தால் மலிவது காவல்.

அரசாங்கம் தலையிடப் பார்த்தது. 2019 மார்ச்சில் அரசாங்கமே ஒழுக்கக்கோவை எழுத வேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது. 2022 பெப்ரவரியில் கோவை வெளிவந்தது. லண்டனுக்கு வெளியே பெரும்பாலான சிறு தவறுகளுக்கு உச்சத் தொகை 50 பவுண் என்றது. தாமதித்தவரிடம் மேலதிகமாக அறவிடும் தொகையையும் தடுத்தது. கம்பனிகள் நீதிமன்றம் போகவே, அதே வருடம் ஜூனில் அரசாங்கம் கோவையை மீளப் பெற்றுக்கொண்டது. வெற்றிடத்தை நிரப்ப, போட்டியாக இருந்த இரண்டு சங்கங்களும் 2024 ஜூனில் சேர்ந்து ஒரே கோவையை வெளியிட்டன. புதிய தரிப்பிடங்களுக்கு அது 2024 ஒக்டோபர் 1 முதல் பொருந்தியது. நேரம் முடிந்த பின் பத்து நிமிட சலுகை எல்லோருக்கும் பொது. உச்சத் தொகை 100 பவுண் குறையவில்லை. 2025 ஜூலையில் அரசாங்கம் மறுபடியும் மக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கியது.

இந்தக் கூட்டுக் கோவை வந்த சில மாதங்களில் டேர்பி நகரில் ஒரு பெண்ணின் கதை பத்திரிகைகளில் வந்தது. தொலைபேசியில் சிக்னல் கிடைக்காமல், முற்றத்துக்குள் வந்து ஐந்து நிமிடத்துக்குள் பணம் செலுத்த அவரால் முடியவில்லை. பணம் என்னவோ ஒவ்வொரு முறையும் செலுத்தியிருந்தார். அப்படியிருந்தும் பல தடவை சேர்ந்து 1,906 பவுண் கேட்டு வழக்கு. ஊர் கொதித்தது. வழக்கு கைவிடப்பட்டது. கமரா வைத்த முற்றத்தில் வெளியேறுவதற்கு முன் பணம் கட்டிவிட்டால் போதும் என்று 2025 பெப்ரவரியில் சங்கங்களின் கோவை திருத்தப்பட்டது. சங்கம் விதியை மாற்ற வருடக்கணக்கில் தேவையில்லை, மாதங்களே போதும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பத்திரிகையில் வரும்வரை ஏன் மாறவில்லை என்பதும் தெரிகிறது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு திரை

சாச்சாவின் மகனுக்கு நான் சொன்னது ஒன்றுதான். அந்தக் கம்பனி எந்தச் சங்கத்தில் இருக்கிறது என்று கடிதத்தின் அடியில் பார், அதன் கோவையை வாசி. அவனே தேடி வாசித்தான். ஒன்பது நிமிடம் பத்து நிமிடச் சலுகைக்குள் வருகிறது. இரண்டு வரியில் முறையீடு எழுதினான். இரண்டு வாரத்தில் ரத்துச் செய்துவிட்டார்கள்.

அதோடு கதை முடியவில்லை. திரும்பிப் போன பிறகு அவன் தொலைபேசியில் சொன்னது எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது. அவனுடைய கடையும் பக்கத்தில் இரண்டு கடைகளும் ஒரே முற்றத்தைப் பாவிக்கின்றன. பன்னிரண்டு வாகனம் நிற்கும். ரயில் நிலையம் கிட்ட இருப்பதால், லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் நிறுத்திவிட்டு இரவில்தான் எடுப்பார்கள். கடைக்காரர் மூவரும் கட்டடச் சொந்தக்காரரிடம் முறையிட்டார்கள். அவர் ஒரு தரிப்பிடக் கம்பனியைக் கூட்டிவந்தார். கமரா இலவசம், பலகை இலவசம், பராமரிப்பு இலவசம். முதல் மாதம் முற்றம் காலியாக இருந்தது. மூவருக்கும் சந்தோஷம்.

இரண்டாம் மாதம் வாடிக்கையாளர்கள் கடிதத்தோடு வந்தார்கள். ஒருவர் காலையில் வந்து பால் வாங்கிப் போனவர், மாலையில் மறுபடி அரிசிக்கு வந்தார். நடுவில் அவர் வெளியே போனதையும் உள்ளே வந்ததையும் கமரா தவறவிட்டுவிட்டது. காலை எட்டு மணிக்கு நுழைந்து மாலை ஐந்துக்கு வெளியேறியதாகக் கடிதம். இது அங்கே எல்லோரும் அறிந்த கோளாறுதான். இரண்டு வருகையை ஒரு வருகையாக இயந்திரம் எண்ணிவிடும். அந்த மனிதர் கம்பனியோடு சண்டை பிடிக்கவில்லை. கடையில் வந்து சாச்சாவின் மகனோடு பிடித்தார். அவருக்குக் கம்பனியின் முகம் தெரியாது, கடைக்காரனின் முகம்தான் தெரியும்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் கடைக்காரருக்கு அதில் இடமேயில்லை. கட்டடச் சொந்தக்காரரும் கம்பனியும் மட்டும்தான். கடிதத்தை ரத்துச் செய்யச் சொல்லும் உரிமை யாருக்கு, மாதத்துக்கு எத்தனை, ஒப்பந்தம் எத்தனை வருடம், இடையில் விலகலாமா, ஒன்றும் இவர்களைக் கேட்டு எழுதவில்லை. கமரா இலவசம் என்றபோது யார் காசு கொடுக்கிறார் என்று இவர்களும் கேட்கவில்லை. மூவரும் சேர்ந்து கட்டடச் சொந்தக்காரருக்கு எழுதினார்கள். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தபடியால் அவர் இறங்கி வந்தார். கடைக்காரர் பற்றுச்சீட்டோடு எழுதிக்கொடுத்தால் கம்பனி ரத்துச் செய்யவேண்டும் என்று ஒரு பின்னிணைப்பு எழுதப்பட்டது.

இப்போது அவன் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய திரை இருக்கிறது. வாடிக்கையாளர் தன் வாகன இலக்கத்தை அதில் தட்டினால் அன்று முழுவதும் கடிதம் வராது. மிச்சக்காசு கொடுக்கும்போதே "நம்பரைத் தட்டினீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. காலையில் பாலும் மாலையில் அரிசியும் வாங்கிய மனிதர் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை என்றான்.